சூபா லாகி

புதன்கிழமை காலை வாயிற்கருவி மூன்று முறை செருமியது.
சூபா லாகி. சூபா லாகி. சூபா லாகி.
மறுபடி வை, மறுபடி வை என்று ஒரே பாட்டு.
பதினேழு வருஷமாய் என்னை உள்ளே விட்ட கட்டைவிரல்
அன்று யாருடையதோ.
காவலுக்கு நின்ற நேப்பாளப் பையன்
விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான்.
"அக்கா, ரேகை எங்கே?"
"ரெலாவில், ஒரு வாளிக்குள்" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
பெயரெழுதிக் கையெழுத்திட்டுப் போனேன்.
ஏழு நிமிஷச் சம்பளம் போயிற்று.

பாயான் லெப்பாஸில் நான்
வெள்ளை உறைக்குள் அடக்கிவைத்த இருமல்.
பவுடர் ஆகாது, பொட்டு ஆகாது,
தும்மினால் ஒரு லாட் பாழ்.
நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு.
அந்த இரண்டு நாளும்
டயர் கடைக்கு மேலே ஆ செங்கின் பட்டறையில்
முழங்கை வரை சேறு.

இங்கேயும் முகமூடி உண்டு.
அங்கே என்னிடமிருந்து சிலிக்கனைக் காக்க,
இங்கே சிலிக்காத் தூளிடமிருந்து என்னைக் காக்க.
ஒரே மணலின் இரண்டு பிள்ளைகள்.
ஒன்றுக்கு என்னைக் கண்டால் ஆகாது,
மற்றது நெஞ்சுக்கூடு வரை வந்து ஒட்டப் பார்க்கும்.

போன ஓய்வில்,
பாதி காய்ந்த தட்டின் மேல்
வெள்ளைக் களிக்குழம்பை ஊற்றிச் சுழற்றினேன்.
சந்தான் பதம் என்பான் ஆ செங்,
ஆப்பமாவு என்பேன் நான்.
மூங்கில் குச்சியால் கீறினால்
வெள்ளைக்கு அடியில் சிவப்பு மண் கண் விழிக்கும்.
எனக்குப் பூ வராது.
நுண்ணோக்கியில் நாளெல்லாம் பார்க்கிற
அந்தச் சந்துபொந்துத் தடங்களைக் கீறினேன்,
முனை திரும்பி, முனை திரும்பி,
எங்கோ ஒரு புள்ளியில் போய் நிற்பவை.
பக்கத்து மேசை நோர்ஹயாத்தி எட்டிப் பார்த்து
"கோலமா?" என்றாள்.
ஆமாம் என்றுவிட்டேன். பெரிய பொய்யில்லை.

காய்ந்ததும் பிசிறெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தேன்.
தட்டை மட்டும்தான் தேய்க்கிறேன் என்றிருந்தேன்.

இன்று மெருகு.
வாளியில் பண்டோங் தண்ணீர் நிறம்.
எங்கே பூசினோம் என்று தெரிவதற்காகப் போட்ட சாயம்,
சூட்டில் ஓடிப்போய்
கண்ணாடி மட்டும் மிஞ்சுமாம்.
விளிம்பில் கட்டைவிரல், அடியில் இரண்டு விரல்,
முக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, எடு.
நாலு எண்ணினால் தடித்து வழியும்,
தட்டும் சூளைப் பலகையும் ஒட்டிக்கொள்ளும்,
அப்புறம் உளிதான் பஞ்சாயத்து.
அடிவட்டத்தை ஸ்பஞ்சால் துடைத்தேன்.

விரல் பிடித்த மூன்று இடம் வழுக்கையாய் நின்றன.
தூரிகையால் ஆளுக்கொரு பொட்டு வைத்தால் மூடிவிடும்.
அடியில் இரண்டையும் மூடினேன்.
மூன்றாவதற்குக் குனிந்தபோது,
விளிம்பில், வெள்ளைக் குழம்பில்,
என் கட்டைவிரல்.
அன்று ஈரத்தோடு தூக்கிய இடத்தையே
இன்றும் பிடித்திருக்கிறேன்.
உப்புத்தாள் படாமல், முதல் சூட்டைத் தாண்டி,
வரி வரியாய், நடுவில் சுழியோடு.

முன்பொருமுறை கையுறை கிழிந்து
இந்த விரல்தான் ஒரு சில்லில் பட்டது.
மூன்று பத்தியில் கடிதம் வந்தது.
"மனித மாசு" என்று எழுதியிருந்தார்கள்.
அந்த வார்த்தையை மட்டும்
கணவனிடம் படித்துக் காட்டவில்லை.

தூரிகை சொட்டிக்கொண்டே இருந்தது,
வாளிக்குள், மேசையில், என் செருப்பில்.

"மூடப் போறேன்" என்றான் ஆ செங்.
தட்டை வாங்கிச் சுற்றிப் பார்த்தான்.
"இங்கே விட்டுப்போச்சு."
"தெரியும்."
தோளைக் குலுக்கி,
கீழ்த்தட்டில், நோர்ஹயாத்தியின் மீன்களுக்கு நடுவே வைத்தான்.
மழை பிடித்துக்கொண்டது.
கீழே யாரோ டயரில் காற்றடித்தார்கள்.

திங்களன்று புது ரேகை பதிய ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
இடது கையைத்தான் கொண்டுபோக வேண்டும்.