உறவுமுறை என்ற கட்டம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
என் ஆயுளில் மொத்தம் ஏழு மாதம் நின்றிருப்பேன்.
இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு அது நஷ்டமில்லை.
கேட் மூடினால்
தப்பியோட முடியாத ஆட்கள் கிடைப்பார்கள்.
சிற்சபேசன் அப்படித்தான் கிடைத்தார்,
அம்பாசிடருக்குள், வியர்வையோடு.
ஆமாம், நாடக ஆசிரியர் சிற்சபேசன்.
மன்னார்குடியிலும் மலேசியாவிலும்
ஒரே இடத்தில் கைதட்டல் வாங்கியவர்.

இருபதாயிரத்துக்கு ஒரு பாலிசி.
மூச்சிரைப்பு உண்டா, மூலம் உண்டா,
எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றார்,
அவர் நாடகத்து வக்கீலின் குரலில்.
நாமினி?
'செங்கமலம்.'
மனைவி பெயர் லோகாம்பாள். ஊருக்கே தெரியும்.
அந்த அம்மாள் கையால் கொலுச் சுண்டல் வாங்கியிருக்கிறேன்.
உறவுமுறை?
முப்பத்திரண்டு நாடகம் எழுதிய பேனா
அரை அங்குலக் கட்டத்தின் முன்னால் நின்றுவிட்டது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில் போனது.
நாற்பத்தொரு பெட்டி எண்ணினேன்.
பிறகு எழுதினார்:
வசனம்.

தஞ்சாவூர் ஆபீஸ் திருப்பி அனுப்பியது,
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு.
'தங்கை' என்று திருத்தியது நான்தான்.
கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கியதா
என்று கேட்காதீர்கள்.
கமிஷன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனம், இரண்டாம் அங்கத்தின் முடிவில் வரும்.
வாசல்படியில் அவள் திரும்பி நிற்பாள்:
'உப்பு கரைஞ்சது தெரியாம உலை கொதிக்கும்.
நான் போனது தெரியாம உங்க வீடு நடக்கும்.'
விளக்கு அணையும். கொட்டகை அதிரும்.
நானே நாலு தடவை தட்டியிருக்கிறேன்.
என் மனைவி தட்டவில்லை.
பையில் கொட்டைப்பாக்கு தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பிரீமியம் நாளில் அவராகவே சொன்னார்:
'அது நான் எழுதினதில்லை, ஓய்.
லோகாவுக்கு முந்தி ஒருத்தி
இந்த வீட்டில் பதினோரு மாசம் இருந்தாள்.
அவள் சொல்லிட்டுப் போனது.
நான் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.
மேடையேறின ஒவ்வொரு தடவைக்கும் அவளுக்குப் பாக்கி.'
ரசீதை நாலாக மடித்தார்.
அதை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை.
நான் போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் செத்தார்.
பேப்பரில் அரைப் பக்கம்.
செங்கமலத்தைத் தேட எனக்கு ஐந்து வாரம்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில்
சாக்கு தைக்கும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார்.
பன்னிரண்டு பெண்கள், ஒரு அதட்டல்.
செக்கை முன்னும் பின்னும் பார்த்தார்.
நான் விளக்கினேன். வசனத்தையும் சொன்னேன்,
கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுதான்.

'நானா? உப்பு, உலைன்னா?
பஸ்சுக்கு ஓடுற அவசரத்துல
யாராச்சும் அப்படிப் பேசுவாங்களா?
சாவி ஆணியில இருக்கு,
பால்காரருக்கு மூணு நாள் பாக்கி.
அவ்ளோதான் சொன்னேன்.
அவரு எழுதிட்டிருந்தாரு, நிமிரல.'

கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூட்டைகளையே பார்த்தார்.
உமி பறந்து கண்ணில் விழுந்தது, எனக்கு.
'பால் காசு குடுத்துட்டாரா?'
தெரியவில்லை என்றேன்.

ரசீதில் கையெழுத்துக் கேட்டேன்.
'தங்கச்சின்னா என்ன இனிஷியல்?'
நான் வாய் திறக்குமுன்
வெறும் பெயரை எழுதிவிட்டார்,
ஒவ்வொரு எழுத்தும் தையல் போல இடைவெளி விட்டு.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
டீக்கடையில் ஒருவர்
செத்துப்போனவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.
எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டு,
உப்பு, உலை, வீடு
மூன்றையும் பிசகாமல் சொன்னார்.
டிரைவர்கள் தட்டினார்கள்.

'சாவி ஆணியில இருக்கு' என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
'அது எந்த நாடகத்துல?'