கறுப்பு அட்டை

குலுக்கிப் போட்டதில்
எனக்கு வந்தது கறுப்பு.
சிவப்பென்றால் உடனே தூக்குவார்கள்,
மஞ்சளென்றால் காத்திருக்க வேண்டும்,
பச்சைக்காரர்கள் நடந்தே போய்
காபி வாங்கிக் குடிக்கலாம்.
கறுப்பென்றால் செத்தாயிற்று.

"அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது,
கைபேசியைத் தொடவே கூடாது"
என்றார் மிர்த்தா ஓயர்சூன்,
வேதியியல் கூடத்தில் இருபத்திரண்டு வருடம்
குடுவை கழுவியவர்,
இன்று ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு
எங்கள் அத்தனை பேர் தலையிலும்
எழுதிப் போகிறவர்.

வால்டிவியா மழை
ஒத்திகைதானே என்று ஒதுங்கி நிற்காது.
நூலகத்துக்கும் விளையாட்டு அரங்குக்கும் நடுவே
ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்தேன்.
நாடகத் துறைப் பெண்கள் நெற்றியில் அப்பிய
பீட்ரூட் சாறு
காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

செத்துக் கிடப்பதில் ஒரு வசதி உண்டு,
உன் முன்னால் யாரும் நடிப்பதில்லை.
தூக்குப்படுக்கையோடு வந்த இருவர்
என் தலைமாட்டில் நின்று
வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பேசினார்கள்.
ஒருவன் குனிந்து அட்டையைப் புரட்டினான்.
"இது கறுப்பு, விடு."
இது.
காலையில் என்னிடம் கடன் வாங்கிய பேனா
அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

பக்கத்தில் ராயென் கத்ரிலேயோ, சிவப்பு,
தொடையெலும்பு முறிவு.
தாளில் போட்டிருந்தபடியே அலறினாள்.
மூச்சு வாங்கும் இடைவெளியில்
என் பக்கம் திரும்பி,
"குளிருதா?"
பிணம் பதில் சொல்லக் கூடாது.
ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தேன்.

பதினொன்று நாற்பது இருக்கும்.
கூரைமேல் இருந்த அரிவாள்மூக்கன்கள்
கூட்டமாய்க் கத்தி எழும்பின.
பிறகு முதுகுக்கு அடியில்
மண் ஒரு மூச்சு இழுத்தது.
நின்றவர்களுக்கு அது எட்ட
இன்னும் இரண்டு நொடி ஆனது.
அதற்குள்
செத்தவர்கள் ஏழு பேரும்
எழுந்துவிட்டோம்.

இந்த ஊரில் லேசான குலுக்கலுக்கு
யாரும் ஓடமாட்டார்கள்.
கோப்பை தளும்பாமல் பிடித்துக்கொண்டு
பேச்சைத் தொடர்வார்கள், அவ்வளவுதான்.
இது அப்படியில்லை.
நூலகக் கண்ணாடி ஒரு முறை வளைந்து,
ஏதோ நினைவுக்கு வந்ததுபோல்
நின்று,
உடைந்தது.
தூக்குப்படுக்கைக்காரர்கள்
படுக்கையைப் பிடித்தபடியே நின்றார்கள்.
நான் ராயெனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன்.
"கால் நல்லாத்தான் இருக்கு, மடையா" என்றாள்.
ஆனாலும் பாதி தூரம் வரைக்கும்
நொண்டிக்கொண்டே வந்தாள்.

ஆட்டம் நின்றதும்
மிர்த்தா பட்டியலைப் பார்க்கவில்லை.
பட்டியல் சேற்றில் கிடந்தது.
"நெல்சன்! இரண்டாம் மாடி!" என்று கத்தினார்.
நெல்சன் பார்ரியா.
காது கேளாதவன்.
ஒத்திகைச் சைரன் ஊரையே எழுப்பியபோதும்
அவன் அங்கேயே உட்கார்ந்து
படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.
கணக்கெடுத்த நாங்கள் யாரும்
ஒன்று குறைகிறது என்று சொல்லவில்லை.

படியேறிப் போனவர்கள் மூன்று பேர்,
மிர்த்தாவும், இரண்டு பிணங்களும்.
அவன் மேசைக்கு அடியில் இருந்தான்,
ஒரு கை மேசைக் காலில், ஒரு கை பிடரியில்,
சுவரொட்டியில் இருப்பதுபோல் அச்சு அசலாக.
எங்களைப் பார்த்தவன் வெளிறிப்போனான்.
பாய்ந்து வந்தான்,
தன் கழுத்துத்துண்டை உருவினான்,
என் நெற்றியில் வைத்து அழுத்தினான்.
அழுத்திய கை நடுங்கியது, தளரவில்லை.
பீட்ரூட் என்று எப்படிச் சொல்வது.
என் சட்டையில் தொங்கிய கறுப்பு அட்டையை
மற்றக் கையால் பிய்த்தெடுத்துக்
கசக்கி எறிந்தான்.

படியிறங்கும் வரை துண்டை எடுக்கவே விடவில்லை.

மறுவாரம்
மிர்த்தா எழுதிய அறிக்கை பலகையில் ஏறியது.
கண்ணாடி பதினான்கு.
காயம் இரண்டு, நிஜம்.
இறந்தவர்களாக நியமிக்கப்பட்டவர்கள்
எவரும் விதிப்படி நடந்துகொள்ளவில்லை.
அதற்குக் கீழே, பேனா அழுந்தித் தாள் கிழிந்த இடத்தில்:
நூலகம் இரண்டாம் மாடிக்கு
சுழலும் சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும்.
மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.