ஒப்படைப்பு

பிப்ரவரிச் சம்பளப் பட்டியலில்
வேலைநிறுத்தம் நான்கு நாள் பிடித்தம் போடப்
பொழுதோட உட்கார்ந்தேன்.
மூலனூர் வட்டாரக் கல்வி அலுவலகம்.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.

நூற்றெழுபத்திரண்டு பேர்.
அடிப்படை ஊதியம், அகவிலைப்படி,
வகுத்தல் இருபத்தெட்டு, பெருக்கல் நான்கு.
கடைசியில் என் பெயர்.
என்னை நானே கழிக்கப் போகையில்
கணினி நின்று கேட்டது:
உறுதியா?

பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வரும் என்றார்கள்.
சுற்றறிக்கை வந்தது.
மனு கொடுக்கலாமாம்,
கனிவோடு பரிசீலிப்பார்களாம்.
மனுவுக்கு ரசீது உண்டு.
நாற்காலி இல்லை.

என் அண்ணன் மோகனசுந்தரம்
வெள்ளகோவிலில் பதினாறு தறி ஓட்டுகிறான்,
கூலி நெசவு.
ரகத்துக்கு இத்தனை பைசா ஏற்று என்று
போன வருசம் முப்பத்தேழு நாள் நிறுத்தினார்கள்.
அண்ணி வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான்.
ஆனாலும் கலெக்டர் ஆபீசில் மேஜை போட்டார்கள்,
இந்தப் பக்கம் இவர்கள்
அந்தப் பக்கம் நூல் கொடுப்பவர்கள்
நடுவில் டீயும் வர்க்கியும்.
ஒப்புக்கொண்டதில் பாதிதான் கைக்கு வந்தது.
"பாதியோ காலோ,
எதுத்தாப்பல உக்கோந்து கேட்டமுல்ல" என்பான்.
அடுத்த மூச்சிலேயே
"உனக்கென்ன அம்மிணி, கவர்மெண்டுச் சம்பளம்."

பள்ளிக்கூடத்துக் காசெல்லாம்
வாத்தியார் சம்பளத்துக்கே போகுது என்று
பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
நூறில் எண்பத்தேழு அப்படித்தான் போகிறது,
பட்டியல் என் மடியில்தான் இருக்கிறது.
அதனால்தான் கேட்கிறேன்,
இந்த நான்கு நாளில் மிச்சமான
பதினேழு லட்சத்துச் சொச்சம்
எந்தப் பள்ளிக்குப் போகும்?

எதற்கும் போகாது.
கணக்குத் தலைப்புக்கும் தலைப்புக்கும் நடுவே சுவர்.
சம்பளத் தலைப்பின் மிச்சம்
பராமரிப்புத் தலைப்புக்கு எட்டிக் குதிக்காது.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும்.
கிளாங்குண்டல் பள்ளிக் கழிப்பறை மோட்டார்
புகைந்து ஆறு மாதம்.
அதற்கான கோப்பு வேறு அலமாரியில்.

சரண் விடுப்பையும் நான்கு வருடமாக
நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
சரணடையக்கூட எங்களுக்கு அனுமதியில்லை.

பொன்னிவாடி அறிவியல் ஆசிரியர் குமரகுரு
இந்தப் பட்டியலில் இல்லை.
எழுதிக் கொடுத்துவிட்டுத்
தாராபுரம் கோச்சிங் சென்டருக்குப் போய்விட்டார்.
சம்பளத்தை அவரே பேசினாராம்,
பத்து நிமிடத்தில் முடிந்ததாம்.
அவர் இடத்துக்கு நேரே
"காலி: 1" என்று அடித்தேன்.
அதுவும் சேமிப்பில் ஏறிக்கொண்டது.

அங்கே இப்போது சுகந்தா வருகிறாள்.
மாதம் ஒன்பதாயிரம்,
பெற்றோர் ஆசிரியர் கழகம் தருகிறது,
கழகத்துக்கு முருங்கை மண்டிக்காரர் தருகிறார்.
காய் விலை கிலோ ஏழு ரூபாய்க்கு விழுந்த மாதம்
ஏழாம் வகுப்பில்
ஒளிச்சேர்க்கை பாதியில் நின்றது.

ஆறரைக்கு எஸ்தர் டீச்சர் போன்.
"எனக்கு எவ்வளவுங்க போச்சு?"
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது என்றேன்.
"அப்படீங்களா."
சித்தெ நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.
"அந்தக் காசுக்கு மோட்டாரே
வாங்கிப் போட்டிருப்பனுங்க.
செரி, வெச்சர்றேன்."

ஒப்படைப்புப் படிவத்தைத் திறந்தேன்.
தொகை நிரப்பியாயிற்று, தலைப்பு எண் நிரப்பியாயிற்று.
"மிச்சத்துக்கான காரணம்" என்று
ஒரு கட்டம் கடைசியில்.
எழுதத் தொடங்கினேன்.
இருபது எழுத்துக்கு மேல்
ஏற்க மறுக்கிறது.