பின்னணியத்தில் ஒரு தலையணை

ஜூன் மாதத்தில் எங்கள் ஃபாரோ தீவுகளுக்கு
இரவு வருவதாகச் சொல்லிவிட்டு
வாசலோடு திரும்பிப் போய்விடும்.
மணி இரண்டே முக்கால்.
ஜன்னலில் கழுவி ஊற்றிய பாலின் வெளிச்சம்.

ஹொக்னி குறட்டை விடுகிறான்.
நான் கணக்குப் பார்க்கிறேன்.

படகின் புது எஞ்சினுக்கு வாங்கிய கடன்.
அதன் வட்டி.
கோபன்ஹேகனில் ரன்வா
பதினொரு நாளாகப் போனை எடுக்கவில்லை,
பதினொன்றா, பன்னிரண்டா?
மாவு டப்பாவுக்குப் பின்னால்
டோர்ஷாவ்ன் ஆஸ்பத்திரி முத்திரையோடு
பிரிக்காத ஓர் உறை.
இடது மார்பில் ஒரு பட்டாணி.
மறுபடியும் எஞ்சின்.

ஆடுகளை எண்ணிப் பாருங்கள், தூக்கம் வரும் என்றார் டாக்டர்.
ஊரிலிருந்து வந்தவர், பாவம்.
எங்களுக்கு நிஜமாகவே நாற்பத்து மூன்று ஆடுகள்.
எண்ணத் தொடங்கினால்
ஒன்றுக்குக் கால் அழுகல்,
ஒன்று பாறை விளிம்பில் நிற்கிறது,
ஒன்றைக் காணவே காணோம்.

ஜெபித்தேன்.
ஜெபமும் கணக்காகவே வந்தது.
ஆண்டவரே கடன், ஆண்டவரே ரன்வா, ஆண்டவரே உறை.
மளிகைக் கடையில் சீட்டைப் படிப்பதுபோல
படித்து முடித்து
கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் கோயிலைப் பெருக்குகிறவள் நான்.
சாவி என்னிடம்தான் இருக்கிறது.
இரவுடைமேல் கம்பளிச் சட்டை,
கைக்குக் கிடைத்த ஹொக்னியின் பூட்ஸ்.
புல்வெளியில் கடற்பறவை ஒன்று
என் தலைக்குமேல் வட்டமிட்டுத் திட்டியது.
அதற்கும் குஞ்சுகள் இருக்கும்.

உள்ளே தாரும் மெழுகும் கலந்த வாசனை.
கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல்.
என்றோ கடலில் பிழைத்தவன் எவனோ
செதுக்கிக் கொடுத்த காணிக்கை.
ஏணி போட்டு அதைத் தூசி தட்டியிருக்கிறேன்,
பாய்மரத்தைப் பார்த்து, கயிறுகளைப் பார்த்து.
இன்றுதான் பெஞ்சில் மல்லாந்து படுத்து
அதன் அடிவயிற்றைப் பார்க்கிறேன்.

கப்பலின் அடிப்பாகம் தெரிகிறதென்றால்
நான் இருப்பது தண்ணீருக்குக் கீழே.
அதுவும் சரிதான் என்று தோன்றியது.
ஆனால் மூச்சு வந்துகொண்டிருந்தது.

அந்தப் புயல் கதையை வருடம் தவறாமல் கேட்கிறேன்.
படகில் அலை ஏறுகிறது, ஆட்கள் அலறுகிறார்கள்.
அவர் எழுந்து காற்றை அதட்டும் இடத்துக்காகவே
காத்திருப்பேன் எப்போதும்.
அதற்கு முந்தின வரியில் கிடந்த
தலையணையைக் கவனித்ததில்லை.

மீன்பிடி படகில் தலையணையா?
ஏழு வயதிலிருந்து படகேறுகிறேன்,
கயிற்றுச் சுருள் உண்டு, எண்ணெய்க் கோட்டு உண்டு,
மீன் நாறும் சாக்கு உண்டு.
தலையணையை யார் கொண்டுவந்தது?
யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.
அதில் தலைவைத்து
பகலெல்லாம் பேசிக் களைத்த ஒரு மனிதர்
கன்னம் நசுங்க,
கொஞ்சம் வாய் திறந்தும்கூட,
தண்ணீர் ஏற ஏறத்
தூங்கிக்கொண்டிருந்தார்.

உலுக்கி எழுப்புவது என் வழக்கம்.
உமக்குக் கவலையே இல்லையா என்று
எத்தனை இரவு கத்தியிருப்பேன்.
இன்று கத்தவில்லை.
பின்னணியத்துக்குத் தவழ்ந்து போய்
கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும் ஆண்டவரே
என்றேன்.

காற்று அடங்கவில்லை.
கூரைப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
கப்பல் மெல்ல ஆடியது, இடம், வலம்,
அதற்கு அப்புறம் எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது
அருகில் ஹொக்னி, வெறும் காலுறையோடு,
ஈரத்தில் நனைந்த பாதங்கள்.
"மணி என்ன?"
"ஏழரை. பூட்ஸைத் தேடினேன்."
பிறகு, கப்பலைப் பார்த்தபடி,
"நானும் பல நாளாகச் சும்மாதான் குறட்டை விடுகிறேன்" என்றான்.

அவன் கையில் அந்த உறை.
ஓரமெல்லாம் மாவு.
என் கன்னத்தில் பலகையின் வரிகள்,
தொட்டுப் பார்த்தேன்.

கொடு, என்றேன்.