திரும்பியவர்களின் குணகம்

என் தட்டச்சுப் பொறியில் அந்தக் குறி இல்லை.
ஒரு கூட்டல் அடித்து,
ஓரிடம் பின்னுக்கு வந்து,
உருளையை அரை வரி திருப்பி
அதன் மேல் இன்னொரு கூட்டல்.
இரண்டு குறுக்குக் கட்டை வைத்த சிலுவை.
பாஷையூர்க்காரி எனக்கு அது உறுத்தியது.
"இது என்ன சேர்?"
"உச்சி," என்றார் கலாநிதி குகநேசன்.
"பழைய பொருளும் இல்லை, புதிசும் இல்லை.
அதில நிண்டு ஒருத்தரும் மூச்சு விட ஏலாது."

தொண்ணூற்று மூன்று.
திருநெல்வேலியில் மின்சாரம் போய் மூன்று வருஷம்.
பக்கத்து அறையில் யாரோ
கவிழ்த்த சைக்கிளின் பெடலைச் சுற்ற
டைனமோ வானொலியில் தாக்குதல்;
ஜாம் போத்தல் வெளிச்சத்தில்
இவர் தாளில் தாக்கம்.

எங்களுக்கு மலை தெரியாது.
கீரிமலையிலும் கேணிதான் இருக்கிறது.
இவரோ பழைய வினாத்தாள்களின் பின்புறத்தில்
சமவுயரக் கோடு கோடாக மலை வரைந்தார்.
இடப்பக்கம் புறப்பட்ட பள்ளத்தாக்கு,
வலப்பக்கம் போய்ச் சேரும் பள்ளத்தாக்கு,
நடுவே குதிரைச் சேணம் போல ஒரு கணவாய்.

முன்னோர் போட்ட கணக்கில் ஒரு வரி உண்டு:
உச்சியைத் தாண்டியது தாண்டியதுதான்.
அந்த வரியில்தான் சேருக்குச் சந்தேகம்.
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவையும் இருக்கும்,
கரைப்பானின் நெரிசலில் இடிபட்டு
வந்த வழியே சரிகிறவை.
மடக்கை வாய்ப்பாட்டில் விரல் வைத்து
ஏழு மாதம் எண்ணினார்.
நூறு தாண்டினால் முப்பத்தேழு திரும்பும்.

மாசியில் என் தமையன் கிளாலியில் படகேறினான்.
நடு நீரில் வெளிச்சக் குண்டு.
ஓட்டி திருப்பிவிட்டான்.
விடியப் படலையைத் திறந்தால்
முழங்கால் வரை உப்புப் பூத்த சாரத்தோடு நிற்கிறான்.

கந்தோரில் சொன்னேன்.
"எத்தினை படகு போனது?
எத்தினை திரும்பினது?" என்று கேட்டார் சேர்.
பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.
பிறகுதான் பார்த்தேன்,
அவர் கையில் பென்சில் இல்லை.

பங்குனியில் அண்ணன் மறுபடி ஏறினான்.
வவுனியாவிலிருந்து கடிதம் வர மாரி பிறந்துவிட்டது.

கட்டுரைக்குப் பதில் அதற்கும் பிந்தித்தான் வந்தது:
எண்கள் நன்று, எந்தக் கணினி என்று குறிப்பிடுக.
"என்ன அடிக்கட்டும் சேர்?"
நெடுநேரம் சிரித்தார், இருமல் வரும்வரை.

அச்சான இதழ் இப்போது என்னிடம் இருக்கிறது.
ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் குறி
நேராக, அழகாக நிற்கிறது.
நான் அடித்ததெல்லாம்
கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தே நிற்கும்.