இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்

ராத்திரி வண்டிக்கடியில் விரித்த
கன்னடப் பேப்பரில்
காலையில் மூன்று சொட்டு.
பச்சை என்றால் கூலன்ட்,
கறுப்பென்றால் ஆயில்.
இது சிவப்பு.
தொட்டு முகர்ந்தேன்:
அப்பளம் பொரித்து மறந்த எண்ணெய் வாடை.

இருபத்திரண்டு வயது சான்ட்ரோ.
இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் முனகும்.
ஜே.சி. ரோட்டில் நயாஸ் ஏறி உட்கார்ந்ததும்
வாயே திறக்கவில்லை,
ஊசியைப் பார்த்த பிள்ளை மாதிரி.

"பேசாம ஓட்டுங்க மேடம்."
ரேடியோவை அணைத்தான்,
ஏசியை அணைத்தான்,
கண்ணையும் மூடிக்கொண்டான்.
மினர்வா சர்க்கிள் வளைவில்
ஙொய்ய்ங்...
"ஸ்டியரிங் ஹோஸ். எண்ணூறு ஆகும்."

பிறகு, கண் திறக்காமலே:
"இன்னொண்ணும் கேக்குது.
அது வண்டியில்ல."

என் மடியில்
திரை கவிழ்த்து வைத்த போன்
இரண்டு சிக்னலாக
அதிர்ந்துகொண்டிருந்தது.