பத்தாவது கருப்புக் கட்டை

இருபத்தாறு ஆண்டுகள் அவளுக்குப் பக்கம் திருப்பினேன்.
பகலில் ஏதென்ஸில் ஒரு வங்கி, கையெழுத்து சரிபார்க்கும் வேலை.
இரவில் அவளுக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால்,
இருமக்கூடாத நாற்காலி.

பொலிக்ஸெனி ஸக்மாகியின் முகத்தை
நீங்கள் முன்வரிசையிலிருந்து பார்த்திருப்பீர்கள்.
நான் பார்த்தது இடது கைச் சுண்டுவிரலை.
அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கவாலா துறைமுகம். அப்பா புகையிலைக் கிடங்கில்
இலை தரம் பிரிப்பவர்.
சங்கக் கட்டிடத்து மாடியில் ஒரு பியானோ,
கடனைக் கட்டாத வியாபாரி ஒருவன் விட்டுப்போனது.
கடல்காற்றைக் குடித்துக் குடித்து மரம் ஊதியிருந்தது.
இடமிருந்து பத்தாவது கருப்புக் கட்டை
அழுத்தினால் இறங்கும், ஏறாது,
கயிறறுந்த வாளி மாதிரி.
எட்டு வயதில் அவளே கண்டுபிடித்த வைத்தியம்:
சுண்டுவிரலின் ஓரத்தால் அதைத் தட்டி எழுப்பிவிட்டு
அடுத்த சுரத்துக்கு ஓடுவது.
அரை மாத்திரைதான்.
ஆனால் அவள் கற்றதெல்லாம் அந்த அரை மாத்திரையைச் சேர்த்தே கற்றது.

வியன்னாவில் பேராசிரியை ஹெட்விக் லொயிட்னர்
முதல் நாளே கேட்டாராம்:
"இங்கே யாருக்காக நிற்கிறாய்?"
கட்டை ஒட்டிக்கொள்ளும் என்றாள்.
"இது புதுப் பியானோ."
தெரியும் என்றாள்.
விரலுக்குத் தெரியவில்லை.

ஒரு குளிர்காலம் முழுக்க இடது கை மட்டும்.
மணிக்கட்டின்மேல் ஒரு நாணயம், விழுந்தால் முதலிலிருந்து.
அறையில் பியானோ கிடையாது, ஜன்னல் விளிம்பில் வாசித்தாள்;
பனி உருகிய இடங்களை வைத்து
எங்கே அழுத்தினாள் என்று கணக்குப் பார்ப்பாளாம்.
நோய் முக்கால்வாசி போயிற்று.
கால்வாசி எலும்புக்குள் போயிற்று.

முதல் கச்சேரி லின்ஸில், நாற்பத்து மூன்று பேர்,
அதில் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு;
நடுவர் குறிப்பில் ஒரே சொல்: தடுமாற்றம்.
பிறகு ஆன்ட்வெர்ப்பில் ஒரு விமர்சகர் எழுதினார்:
"அந்த இடத்தில் அவர் மூச்சு விடுகிறார்,
ஒரு தெற்குக் கடலே மூச்சு விடுகிறது."
ரயிலில் அதைப் படித்துச் சிரித்ததில்
காப்பி கொட்டியது. பதினான்காம் பக்கத்தின்
அந்தக் கறையைத்தான் பின்னால் நான் திருப்பிக்கொண்டிருந்தேன்.
அழைப்புகள் வந்தன. அரங்கங்கள் அந்த மூச்சுக்குக் காத்திருந்தன.
"இப்போது இதை விட்டுவிட்டால்
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள், ஃபிலாரெத்தே!"

முழங்கை வலி வந்தபின் கச்சேரிகள் குறைந்தன.
கிப்ஸெலியில் மூன்றாம் மாடி, இசைப்பள்ளி,
லிஃப்ட் பெரும்பாலும் பழுது.
கண்டிப்பான ஆசிரியை. ஓர் இழை பிந்தினாலும்
பியானோ மூடியில் பென்சிலால் ஓங்கி ஒரு தட்டு.
அந்தத் தாமதத்தை அவள் யாருக்கும் சொல்லித்தரவில்லை.
சத்தியம் செய்வேன்.

ஒரு ஜூன் மாதம், மாணவர் கச்சேரி.
அன்று எனக்குப் பக்கம் திருப்பும் வேலை இல்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
யானினாவிலிருந்து வந்த யாக்கோவோஸ்,
பல்லில் கம்பி கட்டிய தனாயி,
கையை எப்போதும் பேண்டில் துடைக்கும் ஸிசிமோஸ்.
மூவரும், அதே கட்டையில், அதே அரை மாத்திரை.
மீன்குஞ்சாய்த் துள்ளும் கட்டைகளுள்ள ஜப்பானியப் பியானோவில்!

என் தொழில் சொல்லும்:
போலிக் கையெழுத்து எல்லா இடத்திலும் தயங்கும்,
அசல் ஒரே இடத்தில்.
மூன்றும் செல்லும் என்று மனசுக்குள் முத்திரை குத்தினேன்.

கைப்பையின் கொக்கியில் அவள் சுண்டுவிரல்
எதையோ தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது.
கைதட்டல் அடங்குமுன் என் காதருகே குனிந்தாள்:
"மூச்சாவது ஒன்றாவது. அது உப்பு."

திங்கட்கிழமை மூவருக்கும் திட்டு விழுந்தது.
ஸிசிமோஸ் ஒரே வாரத்தில் திருத்திக்கொண்டான்.
மற்ற இருவரும் முயன்றார்கள் என்றே நினைக்கிறேன்.

தனாயி இப்போது ரோட்டர்டாமில். சில இரவுகளில் வானொலியில் வருவாள்.
சமையலறை மேசையில் நான், முன்னால் தாள் ஏதுமில்லை,
அந்த இடம் வருமுன்னே
நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன்.